நைனா உருட்டிய கம்பி

“மெட்ராஸ்ல உனக்கு இன்னாடி இருக்குது?” என்று முன்பொருநாள் கேட்ட ஸ்நேகா அக்காதான், “பையை முன்னாடி மாட்டிக்கோ, யாராண்டயும் வாய் குடுக்காத” என்று சொல்லி ஷைனியை அவள் அப்பாவோடு ரயிலேற்றிவிட்டாள். மெரினாவுக்குப் போகும் வழியில், பாலம் கட்டும் இடத்தில் அப்பா எட்வர்ட் நின்றுவிடுகிறார். கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் பழுக்கக் காய்ந்த இரும்பை அவர் உருட்டி எடுக்கும் கம்பிகள், குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அப்பால் வெயிலில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கயிற்றுக்கு மேலாகக் கைநீட்டி, கம்பியில் புடைத்திருக்கும் மில் முத்திரையைக் காய்த்துப்போன விரலால் தடவுகிறார். “யோவ், கையெடு! தூக்கிக்கினு போவ வந்தியா?” என்று காவலாளி அதட்ட, அப்பா கையை இழுத்துக்கொள்கிறார். எங்கும் வாய் திறக்காத ஷைனி முன்னால் வருகிறாள். “எங்க நைனா உருட்டுன கம்பிண்ணா இது. அவரு தொட்டுப் பாக்கக் கூடாதா?” ஹாரன் சத்தத்தையும் மீறி அவள் குரல் கணீரென்று கேட்கிறது. காவலாளி அப்பாவின் கையிலுள்ள தீத்தழும்புகளைப் பார்க்கிறான். குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அவருக்கு வழிவிட்டு நகர்கிறான்.