மேனேஜர் கொண்டுவந்த மைசூர்பாகு

"ஏனுங்கக்கா, பெங்களூர் சிப் கம்பெனி மேனேஜர் வந்திருக்காருங்க. கையில மைசூர்பாகு டப்பா வேற" என்றார் பட்டறை மேஸ்திரி பாலுசாமி.

ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் நூல் மில்களுக்கு எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் போர்டு செய்யும் பட்டறை அவளுடையது. தொண்ணூறாம் வருஷம் இதே மனிதரின் ஆபீசில், சிப்புக்காக இவள்தான் மைசூர்பாகோடு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாள்.

"உலகமே எங்க சிப்புக்கு நிக்குது மேடம். ஆறு மாசம் ஆகும், வரிசையில வாங்க" என்றார் அவர் அன்று. அந்தக் கடுப்பில், கிடைத்தபோது ஆயிரமாக வாங்கி பீரோவில் அடுக்கினாள்.

ஆறே வருஷம். இப்போது அவள் போர்டிலேயே வேறு கம்பெனி சிப்.

"ஆர்டர் கேட்டு வந்திருப்பாருங்க, பாவம்" என்றார் பாலுசாமி.

மேனேஜர் நாற்காலி நுனியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் ராமாமணிக்கு மனசு இளகிவிட்டது. "சங்கடப்படாதீங்க. நூறு சிப்புக்கு ஆர்டர் போட்டுத் தாரேனுங்க."

"ஐயோ, ஆர்டர் வேண்டாம் மேடம். அந்த சிப் செய்யற ஃபேக்டரியையே மூடிட்டாங்க. பழைய கஸ்டமர் ஒருத்தர், ரிப்பேருக்கு முந்நூறு வேணும்னு உயிரை வாங்கறார். எங்கெங்கயோ தேடிட்டேன். உங்க பீரோவிலதான் இருக்குன்னு சொன்னாங்க..."

ராமாமணி டப்பாவைத் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தாராளமாத் தாரேனுங்க. ஆறு மாசம் ஆகும், வரிசையில வாங்க!"