ஊதா நுரை

மகள் மெர்சி தலைமுடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டு வந்து நின்ற அன்று எஸ்தர் அவளோடு பேச்சை நிறுத்தினாள். "சோளக்கதிரத் தலையில வச்சுக் கட்டுன மாதிரி இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னதுதான் கடைசி. இப்போது அந்த முடியை எஸ்தர்தான் பார்த்துக்கொள்கிறாள். விபத்துக்குப் பிறகு கண் திறக்காமல் கிடக்கும் மகளின் தலையைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, கீழே வாளியை வைத்து, முடி பழுப்பேறாமலிருக்க ஊதா ஷாம்பு போடுகிறாள். எண்ணெய் ஆகாது, வெந்நீர் ஆகாது என்று மெர்சி யாரிடமோ போனில் சொன்னதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டிருந்தது உதவியது. வேரில் விரற்கடை அளவு கறுப்பு வளர்ந்திருந்தது. எஸ்தர் கேட்ட கறுப்புதான். அதைப் பார்த்தும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

பார்லர் வைத்திருக்கும் சுகிர்தா பார்க்க வந்திருந்தாள். மெர்சிக்குக் கலர் போட்டுவிட்டவள் அவள்தான்.

"வேருக்கும் போட்டு விட்டுரு" என்றாள் எஸ்தர்.

"எந்திரிச்சு வரட்டும்க்கா, கடையிலயே போட்டுக்கலாம்." சுகிர்தா நுரையைக் கவனித்தாள். "ரொம்ப நேரமா ஊறுதே. அலசிடுங்க, கத்திரிப்பூ கலராயிடும். மெர்சி பாத்தா வீட்டையே ரெண்டாக்கிடுவா."

"தெரியும்."

எஸ்தர் நுரையை அலசாமல் தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, மகளின் உதடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.