ஏறுகிற வண்டி

போடியில், ஏலக்காய் மண்டியின் ஒற்றை வாசலில் இரண்டு ஜீப்புகள் முட்டிக்கொள்ளாத குறையாக எதிரெதிரே நிற்கின்றன. காலை வெயிலில் மூட்டைகளின் வாசம் தெருக்கோடி வரைக்கும் மணக்கிறது. பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் காதைப் பிளக்கிறது. பத்து மணிக்கு ஏலம். வண்டிகளை ஒழுங்குபடுத்தும் சூர்யகலாவுக்கு விசில் ஊதி ஊதிக் கன்னமே வலிக்கிறது. சண்டையென்றால் ஒரே அதட்டலில் தீர்த்துவிடுவாள். இந்த இரண்டு டிரைவர்களோ ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும், அதுதான் வழக்கம். "நீதேன் ஏறுற, வா மாப்ளே," என்கிறார் வெளியே வரும் திருப்பதி. "சமதரையில நான் எங்கண்ணே ஏறுறேன்? நீங்க வாங்க," என்கிறான் லோடோடு வந்திருக்கும் ஈஸ்வர். சூர்யகலா தன் பாட்டிலைத் திறந்து, இரண்டு வண்டிக்கும் நடுவே தண்ணீரை ஊற்றுகிறாள். எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, வெயிலில் மின்னி, மெல்ல நெளிந்துபோய் ஈஸ்வரின் சக்கரத்தைத் தொடுகிறது. "பள்ளம் உன் பக்கந்தேன் தம்பி, நீதேன்ப்பா ஏறுற!" என்று அவள் கத்த, வாசலே சிரிப்பில் குலுங்குகிறது. திருப்பதி சிரித்துக்கொண்டே பின்னால் ஒதுங்குகிறார். ஈஸ்வர் முதல் கியரைப் போட்டு, அந்த விரலளவு மேட்டில், கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற கம்பீரத்தோடு உறுமிக்கொண்டு உள்ளே வருகிறான்.