எல்லார் முன்னாலும்

தையல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மதிய வெயில் மேசைகள்மீது சாய்ந்து கிடக்கிறது. துணி வெட்டுகிறவள் இன்சுலின் பேனாவின் மூடியைக் கழற்றுகிறாள். இன்றுதான் முதல் ஊசி. பக்கத்தில் இருக்கும் நாத்தனார் சாப்பாட்டுப் பையை உயர்த்தி அவளை மறைக்கப் பார்க்கிறாள். "பாத்ரூம்ல போய்ப் போட்டுக்கக் கூடாதா அண்ணி? ஊசி வரைக்கும் வந்துட்டா கடைசிக் கட்டம்னு பேசுவாங்க." "பேசட்டும். இந்தப் பேச்சுக்குப் பயந்து ஊசியே வேண்டாம்னுதான் உன் அண்ணன் கண்ணைத் தொலைச்சாரு." பையைக் கையால் இறக்கிவிடுகிறாள். கரண்டிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. வயிற்றுச் சதையைப் பிடித்து, அத்தனை பேர் பார்வைக்கும் நடுவே ஊசியை இறக்குகிறாள். எதிரில் இருப்பவள் சாப்பாட்டை மறந்து, "வலிக்குதாக்கா?" என்கிறாள். "சுருக்குங்குது, அவ்வளவுதான். ஏன், உனக்கும் எழுதிக் குடுத்திருக்காங்களா?" அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறாள். "அப்ப கிட்ட வந்து நல்லாப் பாரு."