கொக்கின் முழங்கால்

“கொக்கு கதை முடிஞ்சுது. இந்த சீசன் முழுக்க அவன் பெஞ்சுலதான்” என்றேன், நாற்காலியில் படுத்திருந்த அம்மாவின் கடைவாய்ப் பல்லில் இடுக்கியைப் பொருத்தியபடி.

கொக்கு, துறைமுக அணியின் கூடைப்பந்து வீரன். வளையத்துக்குக் கீழே அவன் சும்மா நின்றாலே எதிரணிக்காரர்களுக்கு வானம் மறைந்துவிடும். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர்.

சொன்ன நான் பல் டாக்டர். ஷூவோடு அளந்தால் ஐந்தேகால் அடி. கூடைப்பந்து என் மீது பட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அதுவும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, மூக்கில்.

ஆனாலும் சீசன் நெருங்கிவிட்டால் எனக்குள் ஒரு பயிற்சியாளர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எந்த அணி தேறும், எது மண்ணைக் கவ்வும் என்று ஆரூடம் சொல்லாமல் என்னால் ஒரு சொத்தைப் பல்லைக்கூட அடைக்க முடியாது.

போன வருடம் நான் கைகழுவிய அணிதான் கோப்பையைத் தூக்கியது. அதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு எதிர்க்கட்சி, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உதவிப் பெண். துறைமுக அணியை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். நான் அவளை ‘தலைவி’ என்றுதான் கூப்பிடுவேன், ரசிகர் மன்றத் தலைவி என்ற பொருளில்.

“சும்மா இருங்க டாக்டர். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுடுச்சு. கொக்கு மட்டும் இறங்கட்டும், நேரா ஃபைனல்தான்.”

“ஆபரேஷன் பண்ணின முழங்காலை வெச்சுக்கிட்டா? குதிச்சா குதிச்ச இடத்துலயே உக்காந்துக்க வேண்டியதுதான். குருத்தெலும்பு மொத்தமா தேஞ்சுபோச்சு. அணிக்காரங்களுக்கே தெரியும், வெளிய சொல்லமாட்டேங்கிறாங்க. பாதி சீசன்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பாரு.”

குருத்தெலும்பைப் பற்றி நான் கடைசியாகப் படித்தது கல்லூரியில், பரீட்சைக்கு முந்தின நாள். அணிக்காரர்களுக்குத் தெரியும் என்பது அந்த நிமிடம் வாயில் வந்தது.

“ஆங்... ஆ...” என்றார் அந்த அம்மா.

“பாத்தீங்களா, அம்மா என் கட்சி” என்றாள் தலைவி.

“இல்ல, அம்மா என் கட்சி.”

வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகப் படுத்திருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதில் எனக்கு நீண்ட அனுபவம். இதுவரை ஒருவர்கூட என்னை மறுத்துப் பேசியதில்லை.

பல் அசைந்து கொடுக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை, பல்லையும் சரி, கொக்கையும் சரி.

எஃகு ஆலை அணி புதிதாக எடுத்திருக்கும் பையனை ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன். துறைமுக அணியின் புதுப் பயிற்சியாளர் கொக்கை நம்பித் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளப் போகிறார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொக்கு இனிமேல் எப்படி ஓடுவான் என்று, இடுக்கியும் கையுமாக, நாற்காலியைச் சுற்றி நொண்டியும் காட்டினேன்.

தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை வெற்றி என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்த அம்மாவின் கண்ணோரத்திலிருந்து காதை நோக்கி நீர் வழிந்துகொண்டிருந்தது.

மரப்பு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டேன். நோயாளியின் வலியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒருவழியாகப் பல் வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, நான் கடிக்கச் சொன்ன பஞ்சை வாயிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார். உதடு மரத்திருந்ததால் சொற்கள் வழுக்கின.

“என் பையன் இனிமே ஆடவே முடியாதா டாக்டர்? முழங்கால் சரியாயிடுச்சும்மான்னுதானே எங்கிட்ட சொன்னான்?”

தலைவி குழாயை அணைத்தாள். அந்த இரைச்சல் நின்றால் என் அறை இவ்வளவு அமைதியாகிவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் கால்கள் நாற்காலியின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருந்தன. வீரர்களை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறவன் கண்ணில் அது இவ்வளவு நேரமும் படவில்லை.

“நான் பல் டாக்டர்ம்மா” என்றேன் கடைசியில். “முழங்காலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். நான் சொல்றது எதுவுமே பலிக்காது, வேணும்னா இவளைக் கேளுங்க.”

“ஒண்ணுகூட பலிச்சதில்லம்மா! சத்தியமா!” என்றாள் தலைவி. அவள் என்னை இவ்வளவு மனப்பூர்வமாக ஆமோதித்தது அதுதான் முதல் தடவை.

அவர் தலையாட்டினார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னதை, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது அவருடைய கைப்பையில் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மகன் எதிரிலேயே வந்து நின்றுவிட்டதுபோல. கன்னம் மரத்திருந்ததால் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

“பல்லு எடுத்தாச்சாம்மா? ரொம்ப வலிக்குதா?”

கனத்த, இளம் குரல். பின்னால் பந்துகள் தரையில் மோதும் சத்தம், யார் யாரோ ஓடும் சத்தம்.

“சேச்சே, வலிக்கவே இல்லடா. பூ மாதிரி எடுத்துட்டார். உன் காலு எப்படி இருக்கு?”

பந்துச் சத்தம் தேய்ந்தது, அவன் போனோடு ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும்.

“எனக்கும் வலிக்கவே இல்லம்மா” என்றான் கொக்கு.