பழைய மாத்திரை

"பழைய மாத்திரையையே எழுதிக் குடுத்துருங்க டாக்டரம்மா. இவ படற பாட்டை என்னால பாக்க முடியல" என்றான் சசிதரன்.

சொல்லும்போதே அவன் குரல் கம்மியது. மனைவியின் ஸ்வெட்டரையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்களும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து பாக்டரியில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவனான சசிதரன் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பியதும், ஒரு வாய் டீகூடக் குடிக்காமல், கட்டபெட்டில் பஸ் பிடித்து அவளைக் குன்னூருக்குக் கூட்டி வந்திருக்கிறான். எல்லாம் தன்னால்தானே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் கெஸியா ரஞ்சனியைப் பார்த்துக் கேட்டார். "பழசை எதுக்கு மாத்தினோம், ஞாபகம் இருக்குங்களா?"

"அதைப் போட்டா இடி விழுந்தாலும் தெரியாதுங்க. விடிஞ்சும் எந்திரிக்க முடியாது. கொழுந்தெடுக்கப் போனா நின்னபடியே கண்ணு சொக்கும். சூப்பர்வைசர் ஊட்டுக்குப் போன்னுட்டாரு."

"இப்ப மனசு எப்படி இருக்கு?"

"அழுகை நின்னுருச்சுங்க. குழம்புல உப்பு புளி பாக்கத் தோணுது. தூக்கந்தான் வரமாட்டேங்குது."

"புது மாத்திரையை எப்பப் போடறீங்க?"

"படுக்கறப்பங்க. பழசு மாதிரியேதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பழசு மாதிரி நடத்தினா புதுசு கோவிச்சுக்காதுங்களா? இது கொஞ்சம் சுறுசுறுப்புக் குடுக்கறது. காலைல சாப்பிட்டுட்டுப் போடுங்க. மொதல்ல தூக்கம் கெடும், போகப் போகச் சரியாயிரும்."

இவ்வளவுதானா என்று ரஞ்சனிக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கக்கூடப் போனாள்.

பின்னால் நின்ற ஜூடித் அவள் தோளில் கை வைத்தாள். எஸ்டேட் குடியிருப்பில் எதிர் வரிசை லைன் வீட்டில் இருப்பவள். ரஞ்சனி எழ முடியாமல் கிடந்த நாட்களில் ரசம் வைத்துக் கொண்டுவந்து ஊட்டியவள்.

"அதையும் சொல்லிரு அக்கா. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. அண்ணனும் எத்தனை நாளைக்குத்தான் மனசுக்குள்ளயே வெச்சுட்டு மருகுவாரு?"

அதைச் சொல்லத்தான் ரஞ்சனிக்குப் பயம். லைனில் ஏற்கெனவே அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். இதுவும் தெரிந்தால் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

"ராத்திரியில இவரு இருமறது கேக்குதுங்க" என்றாள் கடைசியில். "இவரு தூள் சலிக்கற எடத்துல வேலைங்க, தூசியால வந்த இருமல். ஆனா இவரு அங்க பாக்டரியில இருக்கறப்போ எனக்கு ஊட்டு வாசலுக்கிட்ட கேக்குது. மாத்திரை பண்ற வேலைன்னு இவங்க ரெண்டு பேரும் சொல்றாங்க."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "யாராச்சும் கூப்பிடற மாதிரி, பேசற மாதிரி?"

"இல்லைங்க. இருமல் மட்டுந்தான்."

டாக்டர் ஜூடித்திடம் திரும்பினார். "நீங்க எதுத்த வீடுதானே? ராத்திரியில இவங்க எப்படி இருக்காங்கன்னு பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க டாக்டரம்மா. நான் படுத்தா விடிஞ்சாத்தான் முழிப்பு. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

இல்லாத சத்தம் காதில் விழுகிறதென்றால் புது மாத்திரையை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டும் வரை பழையதையே போடட்டும் என்று சொல்லி, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ரஞ்சனி அந்தப் பேனாவையே பார்த்தாள். மறுபடியும் அந்தப் பாறாங்கல் தூக்கம். மறுபடியும் எல்லோரும் பார்த்துச் சிரிக்க, செடி ஓரத்தில் தூங்கி வழிய வேண்டும். அதைவிட, இனி தன் காதையே தான் நம்ப முடியாது.

"அதுதாங்க நல்லது" என்றான் சசிதரன். பாரம் இறங்கியவனைப் போல அவன் குரல் தெளிந்திருந்தது. "நேத்து ராத்திரிகூடப் பாருங்க, ஸ்வெட்டர் இல்லாம வாசப்படியில வந்து நிக்கறா. பனி அப்படிக் கொட்டுது. கால்ல செருப்பில்ல. தலையைச் சாச்சு சாச்சுக் காது குடுத்துக் கேக்கறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க."

டாக்டர் தலையாட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார்.

ரஞ்சனி மெதுவாக நிமிர்ந்தாள். அவள் நின்றது நிஜம்தான். முற்றிவிட்டது என்பார்களே என்று அதை மட்டும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவள் தோளில் இருந்த ஜூடித்தின் கை நழுவியது.

ரஞ்சனி கையை நீட்டி, எழுதிக்கொண்டிருந்த சீட்டை அப்படியே மூடினாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா. நேத்து ராத்திரி இவரு பாக்டரியிலதானே இருந்தாரு?"