பார்ப்போடு நிற்கும் விரால்

மதகடியில் மட்டும் முழங்கால் அளவுத் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அந்திவெயில் அதன்மேல் செம்பாகப் படிகிறது. காலையிலிருந்து அடியில்லாத கரப்புக்கூடையைத் தண்ணீருக்குள் குத்தி மீன் தேடும் காலிதீனுக்கும் கனகசிங்கத்துக்கும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. மீன் போட இடுப்பில் கட்டிய பறி காய்ந்து உராய்கிறது. திடீரென்று காலிதீனின் முன்னால் தண்ணீர் சிவந்து குமிழியிடுகிறது. விரால் பார்ப்புகள், செந்நிறக் குஞ்சுகள், கூட்டமாய் மேலே வந்து மூச்செடுக்கின்றன. அடியில் தாய் நிற்கும். "பார்ப்போட நிக்கிது காக்கா, நாம தொடுறல்லயே. இதையும் புடிச்சா மாரிக்குக் குளத்துல என்ன இரிக்கப்போகுது?" என்று மூத்தவரைத் தடுக்கிறான் கனகசிங்கம். "நாம உட்டா நாளைக்கு வேற ஆரும் புடிப்பான். ஊட்ட அடுப்பெரியணுமே, தம்பி." கரப்பு விழுகிறது. காலிதீன் அதன் மேல்வாயில் கைவிட்டு, துடிக்கிற விராலை இழுத்துப் பறிக்குள் போடுகிறார். கனகசிங்கம் கரையேறுகிறான். கலங்கல் மெல்லத் தெளிகிறது. சிதறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து காலிதீனின் கணுக்காலைச் சுற்றி, தாயிடம் ஒண்டுவதுபோல் ஒண்டுகின்றன. பறிக்குள் வால் அடிக்கும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. "வாங்க காக்கா, மஃரிபு தொழுகைக்குப் பாங்கும் சொல்லிட்டாங்க" என்று கரையிலிருந்து குரல் வருகிறது. காலிதீன் காலைத் தூக்காமல் நிற்கிறார்.